மேட்டூர் அணை: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது. மேட்டூருக்கும் எங்களுக்கும் நடுவே ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் ஆறு. ஆனாலும் அங்கே இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு நிலத்தைப் பார்க்கத் திரும்பி வந்த பிள்ளைகள், இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், கல்லூரியில் படிக்கும் தம்பிகள் எனப் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேட்டூர் அணையை எதற்காகக் கட்டினார்கள்? பாசனத்துக்கா, மின்சாரத்துக்கா?

பாசனத்துக்குத்தான். அதிலும் முதன்மையாகத் தஞ்சை டெல்டாவுக்கு. அணை திறந்தது 1934-ல், அணையடி மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1937-ல். இந்த வரிசையே விஷயத்தைச் சொல்லிவிடும். வயலுக்கு எப்படியும் போக வேண்டிய தண்ணீர், போகிற வழியில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. தண்ணீர் முன்னே, மின்சாரம் பின்னே. மேட்டூரைப் பற்றி என்ன பேசினாலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேட்டூர் வருவதற்கு முன்னால் டெல்டாவில் விவசாயம் எப்படி நடந்தது? அதுதான் கல்லணை இருந்ததே?

கல்லணை இருந்தது. ஆனால் கல்லணை தண்ணீரைச் சேமித்து வைக்கும் அணை இல்லை. இந்தக் குழப்பம் படித்தவர்களிடமே இருக்கிறது. கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் அந்த அணையின் வேலை, வருகிற தண்ணீரைத் திருப்பி விடுவது. அதன் நீளம் 1,080 அடி. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தின் பள்ளத்தில் சரிந்து நேரே கடலுக்குப் போய்விடாமல் அது தடுக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால் பிரித்துக் கொடுக்கும். வராவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மேடேறிக்கொண்டே போனது, கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது. தாழ்ந்த பக்கம் பாய்வதுதானே தண்ணீரின் இயல்பு? தஞ்சாவூருக்கு வர வேண்டிய பங்கு குறைந்துகொண்டே வந்தது. ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கல்லணையின் அடித்தளத்தைப் பார்த்து வியந்துபோனார். ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டு, அவை இறங்க இறங்க மேலே மேலே அடுக்கி, களிமண்ணால் பூசி நிறுத்தியிருந்தார்கள் நம் ஆட்கள். பாறையே இல்லாத மணல் ஆற்றிலும் அணை நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தத் துணிச்சலில்தான் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டத் தொடங்கினார். பிறகு அதே அனுபவத்தோடு கோதாவரிக்குப் போய்த் தவளேசுவரம் அணையைக் கட்டினார். கோதாவரி டெல்டாவின் சோற்றில் கல்லணைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு செய்தும், குடகில் மழை பெய்தால் வெள்ளம், மழை நின்றால் வறட்சி என்ற நிலை மாறவில்லை. பிரித்துக் கொடுக்க ஆள் இருந்தது, சேமித்து வைக்கக் குதிர் இல்லை. அந்தக் குதிர்தான் மேட்டூர்.

அணையைக் கட்டியது யார்? எத்தனை ஆண்டு ஆனது?

எல்லிஸ் என்ற பொறியாளர் 1910-வாக்கிலேயே திட்டம் தயாரித்துக் கொடுத்துவிட்டார். ஆனால் மேலே மைசூர் சமஸ்தானம், கீழே சென்னை மாகாணம். யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் இழுபறி நீண்டது. 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி மைசூர் கண்ணம்பாடி அணையை (கிருஷ்ணராஜ சாகர்) கட்டிக்கொள்ளலாம், சென்னை மேட்டூரைக் கட்டிக்கொள்ளலாம். அப்போது கவர்னரின் நிர்வாக சபையில் இருந்த சர் சி.பி.ராமசாமி அய்யர் இந்தத் திட்டத்தை முன்னே நின்று தள்ளினார். நீலகிரியில் பைக்காரா மின்திட்டத்துக்கும் அவர் ஆதரவு உண்டு.

1925 ஜூலையில் வேலை தொடங்கியது. முல்லிங்ஸ் என்பவர் தலைமைப் பொறியாளராக இருந்து கட்டி முடித்தார். 1934 ஆகஸ்ட் 21-ல் கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்து வைத்தார். நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி என்று பெயர் வந்தது அப்படித்தான். செலவு சுமார் 4.80 கோடி ரூபாய். ஒன்பது ஆண்டுகள், அந்தக் காலத்து எந்திரங்கள், ஆயிரக்கணக்கான கூலியாட்கள். திறந்து வைத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை என்பது அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

மேட்டூரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அவ்வளவு தண்ணீரை அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது?

பாலமலைக்கும் சீதாமலைக்கும் நடுவே காவிரி நெருங்கிப் பாயும் இடம் அது. மேலே பரந்த பள்ளத்தாக்கு, கீழே குறுகிய வாய், அடியில் கடினப் பாறை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். டெல்டாவில் எவ்வளவு தோண்டினாலும் மணலும் களியும்தான், பாறை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் நம் தண்ணீர் நம் ஊரில் நிற்காமல் சேலம் மாவட்டத்தில் நிற்கிறது.

தாங்கும் விதம் எளிமையானது: எடை. பொறியாளர்கள் இதை ஈர்ப்பு அணை என்பார்கள். வளைவோ கம்பியோ கயிறோ இல்லை. சுவரின் சொந்தப் பாரமே தண்ணீரின் தள்ளுதலை எதிர்த்து நிற்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மேலே ஓர் ஓட்டை, அடியில் ஓர் ஓட்டை போட்டுப் பாருங்கள். அடி ஓட்டையில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பீய்ச்சும்! ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும். அதனால் அணையும் மேலே ஒடுங்கியும் கீழே பருத்தும் இருக்கும். மேட்டூரில் அடிப்பக்கத்தின் அகலம் 171 அடி. நீளம் 5,300 அடி, அதாவது ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட. அணை நிரம்பினால் தண்ணீர் பரந்து நிற்கும் பரப்பு சுமார் 59 சதுர மைல்.

அணையின் உயரம் 120 அடி என்கிறார்கள், 214 அடி என்றும் எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. 214 அடி என்பது அஸ்திவாரத்திலிருந்து கட்டுமானத்தின் மொத்த உயரம். 120 அடி என்பது நீர்மட்டக் கணக்கு, அதாவது முழுக் கொள்ளளவு. அந்த 120-ல் 0 என்று குறித்திருக்கும் இடம் ஆற்றின் தரை கிடையாது. 0-க்குக் கீழேயும் இரண்டு டி.எம்.சி. (இந்த அளவு என்ன என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) தண்ணீர் கிடக்கும், அதை எடுக்க முடியாது. எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்மட்டம் பாதி என்றால் தண்ணீர் பாதி என்று அர்த்தமில்லை. நீர்த்தேக்கம் வாய் அகன்ற சட்டி மாதிரி. 120 அடியில் 93.47 டி.எம்.சி. 100 அடிக்கு இறங்கினால் ஏறக்குறைய 65. 60 அடிக்கு இறங்கினால் 25 அளவுதான். கடைசி 20 அடி நிரம்பும்போது சேருவது மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல். ‘மேட்டூர் 100 தாண்டிவிட்டது’ என்று கேட்டதும் எங்கள் ஊரில் முகங்கள் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

கனஅடி, டி.எம்.சி. என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

நிலவரச் செய்தியில் கனஅடி என்று வருவது பாயும் அளவு, அதாவது வினாடிக்கு இத்தனை கனஅடி. ஒரு வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் வினாடிக்கு சுமார் 28.3 லிட்டர், அதாவது இரண்டு குடத்துக்கு அருகில். டி.எம்.சி. என்பது சேர்ந்திருக்கும் அளவு: நூறு கோடி கனஅடி. லிட்டரில் 2,830 கோடிக்கு மேல். இரண்டையும் இணைக்க ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்கப் பாய்ந்தால் ஒரு டி.எம்.சி. நான் 11,500 என்று வைத்துக் கணக்குப் போடுவேன், பெரிதாகத் தப்பாது.

மேட்டூரில் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறார்கள்? எப்படி?

இரண்டு நிலையங்கள். அணையை ஒட்டியிருக்கும் அணை மின்நிலையத்தின் திறன் 50 மெகாவாட். இதுதான் 1937-ல் தொடங்கிய பழைய நிலையம். மற்றொன்று 1960-களின் நடுவில் வந்த சுரங்க மின்நிலையம். 50 மெகாவாட் எந்திரங்கள் நான்கு, ஆக 200 மெகாவாட்.

எப்படி என்றால், மின்சாரத்தின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு தண்ணீர் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 1,000 கனஅடி, 100 அடி உயரத்திலிருந்து இறங்குகிறது. 28 கனமீட்டர் தண்ணீர், அதன் எடை 28 டன். அது 30 மீட்டர் கீழே இறங்கும்போது கிடைக்கும் சக்தி சுமார் 8.4 மெகாவாட். உராய்விலும் எந்திரத்திலும் போவது போக 7 மெகாவாட் கையில் கிடைக்கும். அணையில் தண்ணீர் ஏற ஏற அதே 1,000 கனஅடிக்குக் கூடுதல் மின்சாரம். வற்ற வற்றக் குறைவு. ஆக, அணை நிரம்பியிருந்தால் விவசாயிக்கும் நல்லது, மின்வாரியத்துக்கும் நல்லது.

இரண்டு நிலையங்களும் முழு மூச்சாக ஓடினால் அவற்றின் வழியே சுமார் 22,000 கனஅடி கீழே போகும். செய்தியில் ‘நீர்மின் நிலையங்கள் வழியாக 22,000 கனஅடி, 16 கண் மதகு வழியாக மீதி’ என்று வருகிறதே, அதன் பொருள் இதுதான். அந்த மீதித் தண்ணீரில் மேட்டூரில் மின்சாரம் கிடையாது.

கதை அதோடு முடியவில்லை. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றும் 30 மெகாவாட். அவற்றையும் தாண்டினால் பவானிக் கட்டளைக் கதவணைகள். அங்கே தண்ணீர் விழும் உயரம் குறைவு, அதற்கென்றே அமைந்த டர்பைன்கள். நம் வயலுக்கு வரும் ஒரே தண்ணீர் வழி நெடுக இத்தனை முறை வேலை செய்துவிட்டு வருகிறது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும்.

காவிரியில் மின்சாரம் எடுத்தது மேட்டூரில்தான் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே சிவசமுத்திரம் அருவியில் 1902-லேயே எடுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்து போய்விடும் என்கிறார்களே?

என் அப்பாயியும் அப்படித்தான் சொல்வார். ‘கரண்ட்டை உறிஞ்சிட்டு வெறும் தண்ணிய அனுப்புறான்’ என்பார். டர்பைன் எடுப்பது தண்ணீரின் வேகத்தையும் அழுத்தத்தையும்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் எதையும் அது தொடுவதில்லை. ஆக, அந்தப் பேச்சு சரியில்லை.

ஆனால் அப்பாயியின் கண் பொய் சொல்லவில்லை. முன்பு வெள்ளத்தோடு வண்டல் வந்தது. கலங்கல் தண்ணீர் வயலில் நின்று தெளிந்தால் மேலே மெல்லிசாக ஒரு படலம் படியும். அதுதான் டெல்டாவின் உரம். டெல்டா மண்ணே அந்தப் படலங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உண்டானதுதான். மேட்டூர் வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. தெளிந்த தண்ணீர் வருகிறது, மூட்டை உரம் பின்னால் வருகிறது. ஆகவே சத்துக் குறைந்தது உண்மை. அதற்குக் காரணம் சுழலும் டர்பைன் இல்லை, தேங்கி நிற்கும் ஏரி. அப்பாயி இருந்தபோது இதை விளக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த வண்டலை ஏன் அள்ளுவதில்லை?

2017-ல்தான் முதன்முறையாக நீர்த்தேக்கத்தில் தூர்வாரும் வேலை தொடங்கியது. அணை திறந்து 83 ஆண்டுகளுக்குப் பிறகு! விவசாயிகள் வண்டல் மண்ணை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஆனால் ஏரியின் பரப்போடு ஒப்பிட்டால் ஓரத்தில் சுரண்டியதைப் போலத்தான். தண்ணீர் வற்றிய சில வாரங்களில் கரையோரம்தான் லாரி போக முடியும். இதைத் தொடர்ந்து ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சேலத்து வயலுக்கு வண்டல் கிடைக்கும், நமக்குக் கொள்ளளவு கிடைக்கும்.

ஜூன் 12-ல்தான் திறக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்?

பஞ்சாங்கக் கணக்கெல்லாம் இல்லை, பயிர்க் கணக்கு. குறுவை நெல் ஏறக்குறைய 110 நாள் பயிர். ஜூன் நடுவில் தண்ணீர் வந்து நாற்றுவிட்டு நட்டால், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் அறுத்துவிடலாம். ஒரு மாதம் தள்ளினால் கதிர் முற்றும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து படுக்கப் போட்டுவிடும். குறுவை அறுத்த வயலில் தாளடி, மற்ற வயலில் சம்பா. எல்லாம் முடிந்து ஜனவரி 28-ல் அணையை மூடுவார்கள். ஆக மொத்தம் சுமார் 230 நாள். டெல்டாவில் கல்யாண நாள் குறிப்பதும், நகையைத் திருப்புவதும், பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவதும் இந்த 230 நாளைப் பார்த்துத்தான்.

நடைமுறையில் இந்தத் தேதி பல ஆண்டுகள் தவறியிருக்கிறது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2020-ல் திறந்தார்கள். 2022-ல் அணை நிறையத் தண்ணீர் இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் முறை. 2023-ல் சரியாக ஜூன் 12. ஆனால் அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. அக்டோபர் 10-ஆம் தேதியோடு டெல்டாவுக்குத் திறப்பதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. எங்கள் நிலத்தில் குறுவை கதிர் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலில் ஈரம்கூட இல்லை. பச்சையாக நின்ற பயிர் ஒரு வாரத்தில் வைக்கோல் நிறமானது. ஆட்டை விட்டு மேயவிட்டோம். திறக்கும் தேதி மட்டும் போதாது, இருப்பும் வரத்தும் சேர வேண்டும் என்பதை அந்த ஆண்டு கற்றுக்கொண்டோம். அடுத்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள்.

மேட்டூரில் திறந்தால் எங்கள் ஊருக்கு எத்தனை நாளில் தண்ணீர் வரும்?

கல்லணைக்கு மூன்று நான்கு நாள். பவானியில் கூடுதுறை, கரூர் அருகே திருமுக்கூடலூர், மாயனூர் கதவணை, முக்கொம்பு என்று வழி நெடுக நின்று நிதானித்து வரும். காய்ந்த மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் மேலே விடும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும். அங்கே அமைச்சர்களும் ஆட்சியர்களும் விவசாயிகளும் நெல்லும் பூவும் தூவித் திறப்பார்கள்.

அதற்கப்புறம் ஊருக்கு ஊர் வேறு கணக்கு. எங்களுக்கு வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறாகப் பிரிந்து வர வேண்டும். நடுவில் எத்தனை சட்ரஸ் (தண்ணீரைத் தடுத்துப் பிரித்து விடும் மதகுகள்)! தண்ணீர் போதாத நாட்களில் முறை வைத்து விடுவார்கள். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று. தலைப்பில் உள்ளவர்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். கடைமடைக்கு இரண்டு வாரமும் ஆகும், மூன்று வாரமும் ஆகும். வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் சொல்லவே வேண்டாம்.

வரும் காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் தண்ணீர் தண்ணீராகவே இருக்காது. வாய்க்காலின் வெடித்த தரையில் பழுப்பு நுரை ஒன்று ஊர்ந்து வரும், மனிதர் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக. நுரையின் முன்னே மூங்கில் சருகு, வேப்பம் பழம், செருப்பு ஒன்று, எறும்புக் கூட்டம். வெடிப்பைக் கண்டால் உள்ளே இறங்கிவிடும், குமிழி விட்டு நிரம்பி மறுபடி நகரும். சிறுவர்கள் அதன் முன்னால் பின்பக்கமாகவே நடந்து வருவார்கள். சூடான மண்ணில் தண்ணீர் படும்போது எழும் வாசம் தெரு முனை வரை வரும். பெண்கள் சூடம் ஏற்றிக் கும்பிடுவார்கள். எங்கள் பெரியப்பா மடியில் கட்டி வைத்திருக்கும் ஒரு பிடி விதைநெல்லை அதில் விடுவார். ‘வந்துட்டா’ என்பார். அவ்வளவுதான்.

‘புது ஆறு’ என்பது எது? அது ஆறா, கால்வாயா?

கால்வாய். கல்லணைக் கால்வாயைத்தான் புது ஆறு என்கிறோம். மேட்டூரோடு சேர்த்து ஒரே திட்டமாக வெட்டி 1934-ல் திறந்தது. நீளம் சுமார் 148 கிலோமீட்டர். தஞ்சாவூர் நகருக்குள் பெரிய கோயிலை ஒட்டிப் பாய்ந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாகப் புதுக்கோட்டை மாவட்டம் வரை போகிறது. மற்ற டெல்டா ஆறுகள் பள்ளம் பார்த்துப் பாய்பவை. இது மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியது. குறுக்கே வரும் காட்டாறுகளைச் சில இடங்களில் பாலம் கட்டித் தாண்டிப் போகிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்து மானாவாரிப் பூமியை நெல் பூமியாக்கியது இந்தக் கால்வாய்தான்.

டெல்டாவுக்கு மட்டும்தானா மேட்டூர்த் தண்ணீர்?

இல்லை. டெல்டாவோடு சேர்த்து 12 மாவட்டங்களில் சுமார் 16 லட்சம் ஏக்கர். அணையிலிருந்தே பிரியும் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. அவற்றை ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை திறப்பார்கள். குடிநீர்த் திட்டங்கள் தனி.

16 கண் மதகு எதற்கு? அணை உடையும் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அணை 120 அடியைத் தொட்ட பிறகு வரும் வெள்ளத்தை வெளியேற்றும் வழி அது. எல்லிஸ் பெயரில் உள்ள உபரிநீர்ப் போக்கி. பிரதான அணைக்குப் பக்கவாட்டில் தனியாக இருக்கிறது. உபரிநீர் தனி வழியில் பாய்ந்து, கீழே போய்க் காவிரியில் சேரும். ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1924-ன் ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அந்த நினைவு பச்சையாக இருக்கும்போதே கட்டத் தொடங்கிய அணை இது. வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த எந்த அணையாலும் முடியாது, பத்திரமாக வழிவிடத்தான் முடியும். அந்த வழிதான் 16 கண்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து ஏறக்குறைய 2 லட்சம் கனஅடி போனது. நாளொன்றுக்கு 17 டி.எம்.சி. மேட்டூருக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்தது கீழே, முக்கொம்பில். ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. திருச்சியில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் அப்போதுதான் விழுந்தது. அந்த வாரம் மேலே அவ்வளவு தண்ணீர் கடலுக்குப் போக, எங்கள் கடைமடை வாய்க்காலில் முழங்கால் அளவுகூட இல்லை. கோபப்பட வேண்டிய இடம் அதுதான். மேட்டூர் நிலைக்குமா என்று கவலைப்படுவதைவிட, கீழே உள்ள மதகுகளும் கரைகளும் வாய்க்கால்களும் நன்றாக இருக்கின்றனவா என்று கேட்பதுதான் முக்கியம்.

கர்நாடகம் நமக்கு எவ்வளவு தர வேண்டும்?

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தண்ணீரை, இரு மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்து தர வேண்டும் என்று இருந்தது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதவாரிக் கணக்கும் உண்டு. அதைக் கண்காணிக்கக் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. நல்ல மழை ஆண்டில் கணக்கைத் தாண்டியே வந்துவிடும். மழை பொய்த்த ஆண்டில்தான் ஆணையத்தின் பெயரே செய்தியில் அடிபடும்.

மேட்டூருக்கு மேலே மேகதாதுவில் மின்சாரத்துக்காகத்தானே அணை கட்டுகிறோம் என்கிறார்கள் கர்நாடகத்தில். நமக்கு என்ன?

கர்நாடகம் சொல்லும் திட்டம் 67 டி.எம்.சி. கொள்ளளவு, 400 மெகாவாட் மின்சாரம், பெங்களூருக்குக் குடிநீர். மின்சாரத்துக்கு ஓடும் தண்ணீர் போதும், டர்பைன் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று நானே மேலே சொல்லியிருக்கிறேன். எங்கள் கவலை 400 மெகாவாட் பற்றியது இல்லை, அந்த 67 டி.எம்.சி. பற்றியது. கண்ணம்பாடிக்கும் கபினிக்கும் கீழே பெய்யும் மழை இப்போது யார் கையிலும் அடங்காமல் நேரே மேட்டூருக்கு வருகிறது. நடுவில் ஒரு பெரிய அணை வந்தால் அதற்கும் ஒரு சாவி வந்துவிடும். சாவி யார் கையில் இருக்கிறது என்பது வறட்சி ஆண்டில்தான் தெரியும். டெல்டாவில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

அணைக்குள் மூழ்கிய கோயில் வெளியே தெரியும் என்பது உண்மையா?

உண்மை. பண்ணவாடி பரிசல் துறைப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் தலைகாட்டும். அங்கே ஊர்கள் இருந்தன. வயலும் வீடும் கோயிலும் விட்டு எழுந்து போனவர்கள் இருந்தார்கள். நாம் சாப்பிடும் சோற்றுக்கு அவர்கள் ஊரைக் கொடுத்தார்கள். நந்தி தெரிகிறது என்று செய்தி வந்தால் சுற்றுலா போகிறவர்கள் அங்கே கொண்டாடுவார்கள். எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும், நந்தி தெரிந்தால் அணையில் தண்ணீர் இல்லை என்று பொருள்.

தினமும் வரும் மேட்டூர் நிலவரத்தை எப்படிப் படிப்பது?

நான்கு எண்கள் வரும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. நீர்மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். வரத்தையும் வெளியேற்றத்தையும் கழித்துப் பாருங்கள். ஓர் உதாரணம்: வரத்து 5,000, வெளியேற்றம் 16,000 என்றால் நிகரமாக 11,000 கனஅடி குறைகிறது. நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. 90 அடிக்கும் 100 அடிக்கும் நடுவே நிற்கும்போது ஓர் அடிக்கு ஏறக்குறைய 1.2 டி.எம்.சி., ஆக நீர்மட்டம் தினமும் முக்கால் அடி இறங்கும். இருப்பு 60 டி.எம்.சி. இருந்து, வரத்தே இல்லாமல் 16,000 திறந்தால் 43 நாள் தாங்கும். குறுவைக்கு 110 நாள் வேண்டும். மீதிக்கு மழைதான்.

என் அப்பா இந்த நான்கு எண்களையும் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, ஒரு ஊசியில் குத்தி வைப்பார். கண் சரியாகத் தெரியாமல் போன பிறகு நான் வாசிக்க அவர் கேட்டுக்கொள்வார். வரத்து எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்.